சம்பளத்தோடு நர்சிங் படிப்பு: ஜெர்மன் சிற்றூருக்குப் போகிறவர்களுக்கு

"பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே நர்சிங் படிக்கலாமாமே, உண்மையா அக்கா?" மாதத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்டு எழுதுகிறார்கள். உண்மைதான். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஸ்வாபிய ஆல்ப் மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மருத்துவமனையில் மூன்று வருடம் அப்படித்தான் படித்து முடித்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில், தெரிந்ததை எல்லாம் இங்கே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இது என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் இதை 'ஆஸ்பில்டுங்' என்பார்கள். தொழிலைச் செய்துகொண்டே கற்பது. நீங்கள் கல்லூரியில் சேர்வதில்லை. ஒரு மருத்துவமனையோ முதியோர் இல்லமோ வீட்டுக்கே வந்து பராமரிக்கும் நிலையமோ உங்களோடு பயிற்சி ஒப்பந்தம் போடுகிறது. அவர்கள்தான் மாதாமாதம் ஊதியம் தருகிறார்கள், நர்சிங் பள்ளிக்கும் அனுப்புகிறார்கள். மூன்று வருடத்தில் பள்ளியில் 2,100 மணி நேரம் பாடம், வார்டிலும் வெளியிலும் 2,500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. அதற்கு முன் பொது நர்சிங், குழந்தை நர்சிங், முதியோர் பராமரிப்பு என்று மூன்றாகப் பிரிந்து கிடந்ததை ஒரே படிப்பாக்கினார்கள்.

ஏற்கெனவே நர்ஸ் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

ஜிஎன்எம் டிப்ளமோ அல்லது பிஎஸ்சி நர்சிங் முடித்தவர்களையும் சில ஏஜென்ட்கள் இந்தப் பயிற்சியில் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பட்டத்தை ஜெர்மனியில் அங்கீகரிக்க வைக்கும் வழி தனியாக இருக்கிறது. சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, குறை இருந்தால் ஒரு தேர்வோ சில மாத ஈடுசெய் பயிற்சியோ கேட்பார்கள். அது முடிந்ததும் முழு நர்ஸ், முழுச் சம்பளம். கையில் இருக்கும் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு மூன்று வருடம் மாணவியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இனி சொல்வதெல்லாம் பள்ளிப் படிப்போடு வருகிறவர்களுக்கு.

மொழி

ஜெர்மன் மொழித் தேர்ச்சியை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள்; பி1 மூன்றாம் படி, பி2 நான்காம் படி. விசாவுக்குப் பொதுவாக பி1 கேட்கிறார்கள். பெரும்பாலான மருத்துவமனைகளும் பள்ளிகளும் பி2 இருந்தால்தான் திரும்பிப் பார்க்கின்றன. என்னைக் கேட்டால் பி2 இல்லாமல் கிளம்பாதீர்கள். பி1-ஓடு வந்த என் வகுப்புத் தோழி நோயாளிகளிடம் நன்றாகவே பேசினாள். ஆனால் பள்ளியில் இதயச் செயலிழப்புப் பாடம் நடந்தபோது பாதிக்கு மேல் பிடிபடவில்லை. வார்டு வேலை முடித்துக் களைத்து வந்து இரவில் அகராதியோடு உட்காருவது எத்தனை நாள் முடியும்? சென்னையில் ஜெர்மன் சொல்லித் தரும் கோதே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. கோதே, டெல்க், ஓஎஸ்டி ஆகிய தேர்வு அமைப்புகளின் சான்றிதழ்கள் விசாவுக்குச் செல்லும். தெருமுனைப் பயிற்சி மையம் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழ் செல்லாது. பூஜ்யத்தில் தொடங்கினால் பி2 வரை முழுதாக ஒரு வருடமாவது ஒதுக்குங்கள்.

சான்றிதழ்

சட்டப்படி பத்து வருடப் பள்ளிப் படிப்புக்கு நிகரான தகுதி வேண்டும். நம் பிளஸ் டூ சான்றிதழ் அதற்கு நிகர்தானா என்று நீங்கள் போகும் மாநிலத்தின் அதிகாரிகள் எழுதித் தர வேண்டும். பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் அதற்கான அலுவலகம் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலை ஜெர்மனில் மொழிபெயர்க்க உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரே வேண்டும். இதில் மாதக்கணக்கில் போய்விடும் என்பதால், பி1 படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

இடம் தேடுவதும் ஒப்பந்தத்தைப் படிப்பதும்

பயிற்சி பெரும்பாலும் ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தொடங்கும். ஒரு வருடம் முன்னதாகவே விண்ணப்பம் போக வேண்டும். ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பயிற்சி இடங்களை நீங்களே தேடலாம். மருத்துவமனைகளின் சொந்தத் தளங்களிலும் இருக்கும். பெர்லின், மியூனிக் என்று தேடாதவர்களுக்கு இடம் சீக்கிரம் கிடைக்கிறது. சிற்றூர்களில் பிள்ளைகள் படிக்க நகரத்துக்குப் போய்விடுகிறார்கள், பெரியவர்கள் மட்டும் ஊரில் இருக்கிறார்கள். நம் ஊர்க் கதையேதான்.

சிற்றூர் நல்லதா என்று கேட்டால், கற்பதற்கு நல்லது என்பேன். சின்ன மருத்துவமனையில் வார்டுகள் குறைவு. காலையில் இடுப்பெலும்பு முறிந்து வந்தவரை அறுவை முடிந்து, நடக்கப் பழகி, வீட்டுக்குப் போகும்வரை நீங்களே பார்ப்பீர்கள். சமையலறை ஆள் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரியும். வாடகையும் குறைவு. பல இடங்களில் ஊழியர் விடுதியில் அறை தருவார்கள். விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். மறுபக்கம், பேருந்து அரிது, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, துவரம்பருப்பு வாங்க ரயில் ஏற வேண்டும்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் வரி விடாமல் படியுங்கள். பயிற்சிக்காகவோ பள்ளிக்காகவோ உங்களிடம் கட்டணம் கேட்கும் எந்த நிபந்தனையும் மேலே சொன்ன 2020 நர்சிங் சட்டப்படி செல்லாது. நடுவில் விலகினால் அபராதம் என்ற நிபந்தனையும் செல்லாது. பாடப்புத்தகத்தைக்கூட அவர்களே இலவசமாகத் தர வேண்டும். அப்படியிருக்க, 'சீட்' வாங்கித் தருகிறேன் என்று இங்கே ஒருவர் லட்சக்கணக்கில் கேட்டால் அந்தப் பணம் எதற்கு என்று கேளுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு வந்த பிள்ளைகளை நேரில் பார்த்திருக்கிறேன். முதல் வருட ஊதியம் முழுக்க வட்டிக்கே போனது. மொழி வகுப்புக்கும் தேர்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் விசாவுக்கும் விமானத்துக்கும் செலவு உண்டு. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

விசா, பெட்டி

தமிழ்நாட்டுக்காரர்கள் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் வழியாகத் தொழிற்பயிற்சி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்பு நீளும். உங்கள் மருத்துவமனை நினைத்தால், உரிய அயலார் அலுவலகத்தில் (வெளிநாட்டவரின் தங்கும் அனுமதியைக் கவனிக்கும் இடம்) 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். அதற்கு நீங்கள் ஒரு அதிகாரப் பத்திரம் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். பல மருத்துவமனைகளுக்கு இது தெரிந்திருக்காது, நீங்களே சொல்லுங்கள்.

பெட்டியில் எதை மறந்தாலும் தடுப்பூசிச் சான்றை மறக்காதீர்கள். மருத்துவமனையில் வேலை செய்ய தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பது 2020 முதல் சட்டம். சின்ன வயது அட்டை தொலைந்திருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்து எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் முடித்துவிட்டு வந்தால் நல்லது.

வந்து இறங்கி வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பது முதல் எல்லாமே இழுபறிதான்.

முதல் 400 மணி நேரம்

உங்களை எடுத்த மருத்துவமனையிலேயே முதல் பயிற்சி, சுமார் பத்து வாரம். படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது, சாப்பிட உதவுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது. நம் ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் உணவு ஊட்டுவதும் கூட இருக்கும் உறவினர் வேலை. இங்கே அது நர்ஸ் வேலை. "படித்த பிள்ளை இதையா செய்கிறாய்?" என்று அம்மா போனில் கேட்டார். கழுவும்போதுதான் முதுகில் சிவந்திருக்கும் இடம் தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் படுக்கைப் புண். பயிற்சிக்கு வருமுன் வீட்டாரிடம் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இனி, எந்த மொழி வகுப்பிலும் சொல்லித் தராத ஒன்று: வட்டார வழக்கு. எனக்கு இரண்டாவது வாரத்திலேயே அது எதிரே வந்து நின்றது. விழுந்து அடிபட்டு வந்த 86 வயதுப் பாட்டி, 'டெப்பிஷ்' வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் படித்த ஜெர்மனில் அந்தச் சொல்லுக்குத் தரைவிரிப்பு என்று பொருள். அறையில் விரிப்பே கிடையாது என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் உதடு நீலம் பாரிக்கிற மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா எழுந்து வந்து அலமாரியில் இருந்த கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டார். ஸ்வாபிய வழக்கில் டெப்பிஷ் என்றால் போர்வை.

அதே பாட்டி மறுநாள் 'ஃபூஸ்' வலிக்கிறது என்றார். பாடப்புத்தகத்தில் அது கணுக்காலுக்குக் கீழே உள்ள பாதம். அப்படியே பாதவலி என்று பதிவு செய்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இடுப்பிலிருந்து நுனிவிரல் வரை எல்லாமே ஃபூஸ்தான். வலி அவருக்கு இடுப்பில். பின்னால் யோசித்துப் பார்த்தால், இது நமக்கு எளிதாகப் புரிய வேண்டிய விஷயம். நாமும் தொடைக்கும் பாதத்துக்கும் சேர்த்து 'கால் வலிக்குது' என்றுதானே சொல்கிறோம்! அன்றிலிருந்து வலி என்று யார் சொன்னாலும், "கை வைத்துக் காட்டுங்கள்" என்று கேட்ட பிறகுதான் எழுதுகிறேன். இன்னொன்று: 'ஹேபன்' என்றால் தூக்கு என்று படித்திருப்பீர்கள். ஸ்வாபியர்கள் அதைப் பிடித்துக்கொள் என்ற பொருளில் சொல்வார்கள். இருவர் சேர்ந்து நோயாளியை நகர்த்தும்போது இந்தக் குழப்பம் வந்தால் ஆபத்து. எந்த வட்டாரத்துக்குப் போனாலும் ஒரு குட்டி நோட்டு வைத்து இப்படிப்பட்ட சொற்களை எழுதிக்கொண்டே வாருங்கள். என்னுடையதில் மூன்று மாதத்தில் நூற்றுக்கு மேல் சேர்ந்தன. முதியவர்களிடம் அவர்கள் சொல்லைத் திருப்பிச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

ஊர் ஊராகச் சுற்றும் பயிற்சி

அடுத்து, மருத்துவமனை வார்டு, முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு என்று ஒவ்வொன்றிலும் 400 மணி நேரம். குழந்தைகள் பிரிவில் 120, மனநலப் பிரிவில் 120. கடைசி வருடம் நீங்கள் ஊன்றிக் கற்க விரும்பும் துறையில் 500. சின்ன மருத்துவமனையில் எல்லாம் இருக்காது, ஆகவே பக்கத்து ஊர்களுக்கு அனுப்புவார்கள். இங்கேதான் பேருந்துப் பிரச்சினை. காலை ஷிப்ட் 6 மணிக்கு. என் ஊரில் முதல் பேருந்து கிளம்புவதே அதற்குப் பிறகு. ஒப்பந்தம் போடும் முன்பே மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தெந்த ஊருக்கு அனுப்புவீர்கள்? காலை ஷிப்டுக்கு எப்படிப் போவது? பயணச் செலவு யாருடையது? எங்கள் பள்ளியில் எனக்கு எட்டு மணிக்குத் தொடங்கும் இடைநிலை ஷிப்ட் போட்டுக் கொடுத்தார்கள், கேட்டதால்தான்.

நம் ஓட்டுநர் உரிமம் இருந்தால் எடுத்து வாருங்கள். குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் அதை வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் தேற வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுத முடியும். சிற்றூரில் உரிமம் இருப்பது வேலையில் பாதி.

வீட்டுப் பராமரிப்புப் பயிற்சிதான் எனக்கு மிகப் பிடித்தது. ஜனவரி மாதம், இருட்டு, பனி. மூத்த நர்ஸ் கார் ஓட்ட, மலைமேல் உள்ள பண்ணை வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போவோம். முதல் வீட்டில், கால் வீங்கும் ஒரு முதியவருக்கு அழுத்தக் காலுறை மாட்ட வேண்டும். அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கும் முன்பே மாட்டியாக வேண்டும். எழுந்து நடமாடிவிட்டால் நீர் காலுக்கு இறங்கி வீங்கிவிடும், பிறகு மாட்டினால் பயன் குறைவு. குதிகால் பகுதி சரியான இடத்தில் உட்கார வேண்டும், ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது, சுருக்கம் விழுந்த இடத்தில் தோல் வெட்டிவிடும். முதல் நாள் எனக்குப் பத்து நிமிடம் ஆனது. ரப்பர் கையுறை போட்டுத் தடவித் தடவி ஏற்றினால் எளிது என்று மூத்தவர் காட்டினார். நாலாவது வாரம் இரண்டு நிமிடம். அந்தத் தாத்தாவுக்கு நாள் முழுக்கப் பேச ஆள் அந்த இரண்டு நிமிடத்தில் நாங்கள் மட்டும்தான். அடுப்படியில் விறகு இருக்கிறதா, நேற்றைய சாப்பாட்டுத் தட்டு தொடாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளவும் அங்கேதான் கற்றேன்.

வேலைக்கு ஆள் குறைந்தால் நீங்கள் ஆள் இல்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சிற்றூர் மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. அங்கே பயிற்சி மாணவியைக் கூடுதல் கையாகப் பயன்படுத்துவது மெல்ல மெல்ல நடந்துவிடும். எனக்கும் நடந்தது. ஒரு வார்டில் ஆறு வாரம் சாப்பாட்டுத் தட்டு கொண்டு போவதும் மணி அடித்தால் ஓடுவதுமாகவே கழிந்தது. எல்லோரும் அன்பானவர்கள், நானும் 'நல்ல பிள்ளை' பட்டத்துக்கு ஆசைப்பட்டு வாயே திறக்கவில்லை. கடைசி நாள், என்னென்ன கற்றோம் என்று எழுதி வைக்கும் பயிற்சி ஏட்டில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பார்வையிட வந்த பள்ளி ஆசிரியர், காயத்துக்குக் கட்டு மாற்றிக் காட்டச் சொன்னார். என்னால் முடியவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பயிற்சி நேரத்தில் குறைந்தது 10 சதவீதம், அதற்கென்றே 300 மணி நேரம் பயின்ற வழிகாட்டி நர்ஸ் உங்களுக்குத் திட்டமிட்டுச் சொல்லித் தர வேண்டும். 400 மணி நேரம் என்றால் 40 மணி நேரம், அதாவது வாரத்துக்குச் சுமார் நாலு மணி நேரம். பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் வேலையைத்தான் உங்களுக்குத் தரலாம். கூடுதல் நேர வேலை விதிவிலக்காக மட்டுமே, அதற்கும் தனி ஊதியமோ ஈடு விடுப்போ தர வேண்டும். இரவு ஷிப்ட் பயிற்சியின் இரண்டாம் பாதியில்தான், மொத்தமே 80 முதல் 120 மணி நேரம், அதுவும் தேர்ந்த நர்ஸின் நேரடி மேற்பார்வையில்.

இதை எப்படிக் கேட்பது? சண்டை வேண்டாம். புது இடத்துக்குப் போன முதல் நாளே வழிகாட்டியிடம், "இந்த மாதம் இன்னின்னதைக் கற்க விரும்புகிறேன். வாரத்தில் எந்த நாள் நாம் சேர்ந்து உட்காரலாம்? பட்டியலில் எழுதிவிடலாமா?" என்று கேளுங்கள். ஷிப்ட் பட்டியலில் எழுதியது நடக்கும், வாய்ச்சொல் நடக்காது. பயிற்சி ஏட்டை அன்றன்றைக்கு நிரப்புங்கள். கற்காத ஒன்றைக் கற்றதாக எழுதி நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். இரண்டு வாரம் வழிகாட்டல் நடக்கவில்லை என்றால் பள்ளி ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர்கள் பயிற்சி இடங்களுக்கு நேரில் வந்து பார்க்க வேண்டியவர்கள். நமக்குப் பெரியவர்களிடம் கேட்கக் கூச்சம், அது வளர்ப்பில் வந்தது. ஆனால் இங்கே கேட்காதவளை 'இவளுக்கு எல்லாம் தெரியும்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பணம், விடுப்பு

பொதுத்துறை ஊதிய ஒப்பந்தப்படி 2025 ஏப்ரலில் முதல் வருட ஊதியம் மாதம் சுமார் 1,415 யூரோ. வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கூடும். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு போனால், கைக்குச் சுமார் 1,100. வாடகை, சாப்பாடு, போன், வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் என்று கழித்தால் வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பலாம், நிறைய அனுப்ப முடியாது. வாரம் 20 மணி நேரம் வரை வேறு வேலை செய்ய விசாவில் அனுமதி உண்டு. முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள், படிப்பு போய்விடும்.

விடுப்பு வேறு, வராமல் இருப்பது வேறு. நோய் முதலிய காரணங்களால் தவறவிடும் நேரம் பாடத்திலும் பயிற்சியிலும் தலா 10 சதவீதம் வரைதான் பொறுத்துக்கொள்ளப்படும். ஊருக்குப் போய் டிக்கெட் கிடைக்காமல் இரண்டு வாரம் தாமதித்த கதை எல்லாம் இங்கே தேர்வையே தள்ளிவிடும். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அந்தச் சமயத்தில் இரு தரப்பும் எளிதாக விலகலாம் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

தேர்வு

இரண்டாம் வருட முடிவில் ஒரு இடைத்தேர்வு. கடைசியில் தலா இரண்டு மணி நேரத்தில் மூன்று எழுத்துத் தேர்வு, ஒரு வாய்மொழித் தேர்வு, பிறகு செய்முறை. செய்முறை நிஜ நோயாளிகளிடம், குறைந்தது இருவர். முந்தைய நாள் அவர்களைப் படித்துப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். மறுநாள் தேர்வாளர்கள் நிற்க, காலைப் பராமரிப்பு முழுவதையும் செய்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்க வேண்டும். ஒருவரின் தேவை என்ன என்று கணித்து, பராமரிப்பைத் திட்டமிட்டு, பலனை மதிப்பிடுவது ஜெர்மனியில் நர்ஸ் மட்டுமே செய்யக்கூடியது என்று சட்டமே சொல்கிறது. அதைத்தான் சோதிக்கிறார்கள். ஆகவே கட்டு மாற்றும் கையைவிட, காரணம் சொல்லும் வாயை அதிகம் பழக்குங்கள். தினமும் ஒரு நோயாளியைப் பற்றி ஐந்து நிமிடம் ஜெர்மனில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன், விடுதி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. தேர்வில் ஒரு பகுதியில் தவறினால் அதை ஒரு முறை மறுபடி எழுதலாம்.

தேறியதும் தொழில் அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது தானாக வராது. மதிப்பெண் வந்த அன்றே மனுவைக் கொடுங்கள். கூடவே தங்கும் அனுமதியை வேலைக்கானதாக மாற்றவும் நாள் வாங்குங்கள். அயலார் அலுவலகத்தில் வரிசை நீளம். இங்கேயே பயின்றவர்களுக்கு இரண்டு வருட வேலைக்குப் பின் நிரந்தரமாகத் தங்கும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. ஒரு வருட அனுபவம் ஆனதும் நீங்களே அந்த 300 மணி நேரப் படிப்பில் சேர்ந்து வழிகாட்டி ஆகலாம். நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். அக்டோபரில் எங்கள் வார்டுக்கு இரண்டு புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், ஒருத்தி தஞ்சாவூர்ப் பக்கம். அவளுக்காக அந்தச் சொல் நோட்டைச் சுத்தமாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன்.